வெள்ளைப் படத்துக்கு வைத்த பொட்டு

எனக்கு எழுபத்தாறு வயது. ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். நான்கு பேர் நான் பெற்றவர்கள். இரண்டு பேர் என் தங்கை விட்டுப்போன பிள்ளைகள். ஒருத்தி யார் பெற்றவள் என்று கேட்கக்கூடாது, அவளும் என் பிள்ளைதான். ஏழு பேரும் நன்றாக இருக்கிறார்கள். கடைசிப் பையன் பாசிர் கூடாங்கில் ஷிப்ட் வேலை பார்க்கிறான், இன்னும் என் சமையலுக்கு மோட்டார் சைக்கிளில் வந்து போகிறான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொட்டு வைக்கிற விஷயத்தில் எனக்கு அனுபவம் போதாது என்று யாரும் சொல்லிவிடக்கூடாது.

நான் சிகாமட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனேன். அதனால் என் எழுத்து மொச்சைக்கொட்டை அளவுக்கு இருக்கும், ஒரு பக்கத்தில் கொஞ்சம்தான் கொள்ளும். அவசரம் யாருக்கு? நான் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் எங்கள் வரிசையில் மூன்றாம் வீட்டு அம்மாள். "அந்தக் கிழவி வெள்ளைக்காரி படத்தைக் கெடுத்துட்டா" என்று சந்தையில் நின்று சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் வந்து என்னிடமே சொல்கிறார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி நானே எழுதுகிறேன்.

இப்போது ஜொகூரில், தெப்ராவில் மூத்த மகளோடு இருக்கிறேன். ஒட்டு வீடுகள், ஒருவர் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். பக்கத்து வீட்டை ஓவியர் சங்கம் ஒன்று வாடகைக்கு எடுத்திருக்கிறது. வெளிநாட்டு ஓவியர்கள் வந்து சில மாதம் தங்கி வேலை செய்வார்கள். இங்கே உள்ளவர்கள் அவர்கள் ஊருக்குப் போய் வேலை செய்வார்கள். சம்பந்தி வீட்டுப் போக்குவரத்து மாதிரிதான். அந்த வீட்டைப் பார்த்துக்கொள்வது என் மகளுடைய வேலை. மதியச் சாப்பாடு என் பொறுப்பு.

போன வருஷம் அங்கே ஓர் இத்தாலிய அம்மாள் வந்தார். நரைத்த முடியை ஆம்பிளை மாதிரி வெட்டி, நீலச் சட்டை ஒன்றைத் தினமும் துவைத்துப் போட்டுக்கொள்வார். வயதைக் கேட்டேன். என்னைவிட மூன்று வயது குறைவு. அன்றிலிருந்து அவர் அவளானாள், நான் அவளுக்கு "அக்கா" ஆனேன். அந்த ஒரு சொல்லைத் தமிழில் சுத்தமாகச் சொல்வாள். மற்றதெல்லாம் அவள் ஆங்கிலத்தில் மகளிடம் சொல்ல, மகள் எனக்குச் சொல்வாள். மகள் இல்லாதபோது நான் மலாயில் பேசுவேன், அவள் இத்தாலியில் பேசுவாள். இரண்டு பேருக்கும் புரிந்தது.

ஒருநாள் சாப்பிட்ட பிறகு பெரிய புத்தகம் ஒன்றை விரித்துக் காட்டினாள். அதில் ஒரு படம். பார்த்தால் கோணிச்சாக்கு. கிழிந்த சாக்கு, தைத்த சாக்கு, நடுவில் ஒரு சிவப்பு ஓட்டை.

"இது சாக்குதானே? இதைப் போயி ஏன் படம் புடிச்சிருக்காங்க?" என்று மகளிடம் கேட்டேன்.

"போட்டோ இல்லம்மா. அந்தச் சாக்கேதான் படம். சுவத்துல மாட்டியிருக்காங்க."

அவள் எனக்காக மெதுவாகச் சொன்னாள், மகள் அப்படியே தமிழில் சொன்னாள். அவளுடைய நாட்டில் சண்டை முடிந்தபோது ஊரெல்லாம் இடிந்து கிடந்ததாம். மாவு சாக்கில் வந்ததாம், அந்தச் சாக்கையே சட்டையாகத் தைத்தார்களாம். அதுவரைக்கும் அவர்கள் சுவரில் ராஜாவும் தேவதையுமாக மாட்டியிருந்தார்கள். எல்லாம் போன பிறகு அந்தப் படங்களை யார் நம்புவார்கள்? ஓர் ஓவியர் சாக்கைத் தைத்து மாட்டினார். இன்னொருவர் துணியை இழுத்துக் கட்டிக் கத்தியால் ஒரு கோடு கீறி, இதுதான் படம் என்றார். வேறொருவர் துணியை வெள்ளைக் களிமண்ணில் தோய்த்து, மடிப்பு மடிப்பாகக் காயவைத்து, வண்ணமே இல்லாமல் விட்டார். இதையெல்லாம் கேள்விப்பட்டு ஜெர்மனி, ஹாலந்து, ஜப்பான் என்று எங்கெங்கிருந்தோ அதே மாதிரி நினைக்கிறவர்கள் தேடி வந்தார்களாம். சண்டை போட்ட நாடுகளின் பிள்ளைகள் ஒரே மேசையில் உட்கார்ந்து, நீ ஒரு படம் கொடு, நான் ஒரு படம் தருகிறேன் என்று மாற்றிக்கொண்டார்களாம்.

எனக்குச் சாக்கு விளங்கியது. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் என் அம்மா சாக்கைத்தான் உடுத்தியிருக்கிறாள். உடம்பெல்லாம் அரிக்கும் என்பாள். சண்டை முடிந்து சேலை வந்த பிறகும் அந்தச் சாக்கை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தாள், யாரையும் தொட விடமாட்டாள். இதைச் சொன்னதும் இத்தாலிக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, சாக்குல விஷயம் இருக்கு. வெள்ளையில என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லையாம்மா. அதுதானாம் விஷயம்," என்றாள் மகள்.

தீபாவளிக்கு முன்னால் வெள்ளையடித்துவிட்டு, காலண்டரைக்கூட இன்னும் மாட்டாமல் வைத்திருக்கும் சுவர் எனக்கு நினைவுக்கு வந்தது. அந்தச் சுவரைச் சும்மா நின்று பார்க்க எனக்கும் பிடிக்கும். அதனால் நான் ஒரேயடியாக அவளை மட்டம் தட்டவில்லை.

அவள் பதினான்கு வயதில் அந்த மாதிரி ஓர் ஓவியருக்குக் களிமண் குழைத்துக் கொடுத்தவள். பிறகு தானே வெள்ளைப் படம் செய்யக் கற்றுக்கொண்டாள். ஜப்பானில் அவள் வயதுள்ள ஓர் ஓவியர் இருக்கிறார். அவருடைய குருவும் இவளுடைய குருவும் கப்பலில் படங்களை அனுப்பி மாற்றிக்கொண்டவர்கள். சிஷ்யர்களும் அந்த வழக்கத்தை விடவில்லை. அவர் ஒன்று அனுப்புவார், இவள் ஒன்று அனுப்புவாள், வாழ்நாள் முழுக்க இப்படியே. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவளுக்கு வாதம் வந்து வலது கை நடுங்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு ஒரு படம்கூடச் செய்யவில்லை. இப்போது அவர் ஜொகூருக்கே வருவதாகச் சொல்லியிருந்தார். அவருடைய படத்தைக் கொண்டுவருவார், இவளும் ஒன்று கொடுக்க வேண்டும்.

"அவரு பொய் சொல்ல மாட்டாராம்மா," என்றாள் மகள். "பாவம்னு நெனச்சி வாங்கிக்கிட்டாலும் மூஞ்சில தெரிஞ்சிருமாம். அப்படித் தெரிஞ்சா இவங்க இனிமே துணியத் தொடவே மாட்டேங்கிறாங்க."

அப்போதுதான் அவள் செய்யப்போகிற படத்தில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

அவள் வேலை செய்ததைப் பார்க்க வேண்டும். தடித்த பருத்தித் துணியை வெள்ளைக் களிமண் கூழில் தோய்த்துப் பலகையில் விரிப்பாள். பட்டுச் சேலைக்குக் கொசுவம் வைப்பதுபோல இரண்டு கையாலும் மடிப்பு எடுப்பாள். இடது கை சொன்னதைக் கேட்கும். வலது கை மரவட்டை நடப்பதுபோல நடுங்கிக்கொண்டே போகும். ஒரு மடிப்பு சரிந்தால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுபடி எடுப்பாள். நான் வாசல்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி பார்ப்பேன். உதவிக்குப் போகமாட்டேன். போனால் கடித்துவிடுவாள்.

முதல் படம் அழகாக வந்தது. மூன்றாம் வீட்டு அம்மாள் ரம்புத்தான் பழம் கொடுக்கிற மாதிரி வந்து எட்டிப் பார்த்தார். அவருடைய கண்ணைப் பற்றி எங்கள் வரிசை முழுக்கத் தெரியும். என் மிளகாய்ச் செடியைப் பார்த்து "பரவாயில்லையே, காய்ச்சுத் தொங்குதே" என்றார், அந்த வாரமே செடி சுருண்டுவிட்டது.

"அடியாத்தி! பால்கோவாவ அப்படியே பரப்பி வச்ச மாதிரி இருக்கே!" என்றார்.

மறுநாள் காலையில் படம் நடுவில் வெடித்துக் கிடந்தது.

இத்தாலிக்காரி மழைக்காலத்து ஈரக் காற்றுதான் காரணம் என்றாள். நான் மூன்றாம் வீட்டுப் பக்கம் பார்த்தேன். இரண்டாவது படம் செய்தாள். அன்றைக்குச் சங்கத்திலிருந்து ஒரு கூட்டம் வந்து சுற்றி நின்று ஆகா ஓகோ என்றது, மூன்றாம் வீட்டு அம்மாளும் கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். அதுவும் வெடித்தது. இப்போது மின்சாரக் காற்றாடியைத் தப்பான பக்கம் திருப்பிவிட்டேன் என்றாள். காற்றாடி பாவம், அதற்கு என்ன தெரியும்?

மூன்றாவது படத்துக்கு அவள் சாப்பாட்டைக்கூட மறந்தாள். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடிப்புகள் நடுவில் கொஞ்சம் நெளிந்திருந்தன, ஓரத்தில் நேராக ஓடின. வெயில் சாய்ந்து விழுந்தபோது அந்த வெள்ளைக்குள் எத்தனை நிழல்! என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. அந்த நேரம் பார்த்து வெளியே கேட் ஓரமாக மூன்றாம் வீட்டு அம்மாளின் குரல்: "காஞ்சிருச்சா? ஒரு தடவ பாத்துட்டுப் போறேனே."

"அவங்க தூங்குறாங்க, நாளைக்கு வாங்க," என்று வாசலிலேயே அனுப்பிவிட்டேன். உண்மையில் அவள் குளித்துக்கொண்டிருந்தாள். நேராக எங்கள் வீட்டுக்குப் போனேன். பேத்தி பாப்பாவின் மேசையில் கண்மைக் குச்சி இருந்தது. கொண்டுவந்து படத்தின் கீழ் மூலையில், பிள்ளைக்குக் கன்னத்தில் வைப்பதுபோல, ஒரு சின்னப் பொட்டு வைத்தேன். ஏழு பிள்ளைக்கும் வைத்த கை. அழகாக உருண்டையாக வந்தது.

படம் வெடிக்கவில்லை. அதை யாரும் மறுக்க முடியாது.

அன்றைக்கு இருட்டிவிட்டதால் அவள் அதைப் பார்த்தது மறுநாள் காலையில், ஜப்பான்காரர் வருகிற அன்றைக்கு. நான் மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம். யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நானும் மகளும் ஓடினோம். விழவில்லை. படத்துக்கு முன்னால் நின்று மூலையைக் காட்டிக்கொண்டிருந்தாள், முகமெல்லாம் சிவந்துபோய்.

"பூச்சி என்னமோ ஒட்டிருச்சா?" என்று மகள் குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் முகத்தை அவளுக்குத் தெரியும். "அலமாக்! அம்மா, நீங்களா?"

"நான்தான். திருஷ்டிப் பொட்டு. நல்லதுக்குத்தான் வச்சேன்."

"எதுல வச்சீங்க?"

"பாப்பாவோட கண்மையில."

"அது தண்ணியில அழியாதும்மா! மழையில நனைஞ்சாலும் போகாதுன்னுதான் அவ அத வாங்கினா!"

இத்தாலிக்காரி ஈரத்துணியை எடுத்தாள், எடுத்த கை அப்படியே நின்றது. துடைத்தால் களிமண் கரைந்துவிடும். நான் அங்கேயே விட்டுவந்த கண்மைக் குச்சியால் ஒரு துண்டுத் துணியில் வேறு பொட்டு வைத்து, அதைக் களிமண் கூழால் மூடிப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் திட்டாக நின்றது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் வந்தால் சாப்பாடு போட்டு அனுப்பிவிடுங்கள், படம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுங்கள், நான் ஊருக்குப் போகிறேன் என்றாள். மகள் எனக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னாள்.

நான் யாரிடமும் கைகட்டி நின்றவள் இல்லை. அவளுக்கு எதிரில் போய் நின்றேன்.

"பிள்ளைக்குப் பொட்டு வச்சா பிள்ளையோட அழகு கொறஞ்சி போச்சா? கேளு அவள."

மகள் கேட்டாள். "அது பிள்ளை இல்லையாம்."

"பிள்ளை இல்லைன்னா சோறு தண்ணி இல்லாம அது பக்கத்துல எதுக்கு உக்காந்திருந்தா? பாயைத் துவைச்சிப் போட்டுட்டு யாராவது காவல் இருப்பாங்களா?"

மகள் இதைச் சொல்லத் தயங்கினாள். "சொல்லு லா," என்றேன். சொன்னாள். இத்தாலிக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் பெட்டியை எடுக்கவும் எழுந்திருக்கவில்லை.

ஜப்பான்காரர் சிங்கப்பூரில் இறங்கி டாக்சியில் வந்துகொண்டிருந்தார். அன்றைக்கு ஜொகூருக்குக் கடல் தாண்டி வரும் காஸ்வே பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. இன்னும் பாலத்தில்தான், இன்னும் பாலத்தில்தான் என்று மகளின் கைத்தொலைபேசிக்குச் செய்தி வந்துகொண்டிருந்தது. அந்தப் பாலத்தில் மாட்டிக்கொண்டு என் மகன்களெல்லாம் எத்தனையோ வருஷம் புலம்பியிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் அந்த நெரிசலுக்கு நான் நன்றி சொன்னேன். அவளுக்கு ஆற நேரம் கிடைத்தது. நான் நெத்திலி சம்பலும் செய்து முடித்தேன். குழம்பின் வாசனை அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும், "சுடச்சுட ஒரு வாய்" என்று கையைக் காட்டிக் கேட்டாள். கோபத்தோடுதான் கேட்டாள். கோபத்தோடுதான் போட்டேன்.

கடைசியில் வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர், முதுகில் குழல் மாதிரி ஒரு நீளப் பை. என்னைப் பார்த்து இடுப்பு வரைக்கும் குனிந்தார். ஜப்பான் பட்டாளத்தார் சயாமுக்கு ரயில் போட என் தாய்மாமனைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவில்லை. அந்த நினைப்பு வராமல் இல்லை. இவர் அப்போது பிறந்தே இருக்கமாட்டார். "வாங்க, சாப்பிடலாம்" என்றேன்.

சாப்பாடு பிறகு என்று கையால் காட்டிவிட்டு நேராகப் படத்திடம் போனார். மூடிவைக்க அவளுக்குத் தோன்றவே இல்லை போலும். இல்லை, தோன்றியும் விட்டாளோ, அவளைத்தான் கேட்க வேண்டும்.

அவர் எதிரில் நின்று பார்த்தார். ஜன்னல் பக்கம் போய்ச் சாய்வாகப் பார்த்தார். குந்தி உட்கார்ந்து கீழேயிருந்து பார்த்தார். படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார், மாப்பிள்ளை வீட்டார் கொல்லைப்புறத்தைப் பார்ப்பதுபோல. இத்தாலிக்காரி வலது கையை இடது கைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு நின்றாள். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை.

நடுவில் நெளிந்திருந்த மடிப்பின் மேல், தொடாமல், விரலை ஓட்டிக்கொண்டே போனார். ஏதோ சொன்னார். மகள் என் காதில் மெல்லச் சொன்னாள்:

"இங்க கை நடுங்கியிருக்குன்னு சொல்றாரு. இவங்களோட பழைய படத்துல கை எங்கயுமே தெரியாதாம். மெஷின் செஞ்ச மாதிரி அவ்வளவு சுத்தமாம். அதுல அவருக்குப் பொறாமையாம். ஆனா அலுப்பாவும் இருக்குமாம். இதுல அலுப்பு வரலையாம்."

பிறகு அவர் இத்தாலிக்காரியின் பக்கம் திரும்பி ஒன்று கேட்டார். அதை மகள் சொல்வதற்கு முன்னாலேயே அவள் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன கேட்டாரு?"

"அடுத்தது எப்ப அனுப்புவேன்னு."

அவருடைய முகத்தை நானும் நன்றாகப் பார்த்தேன். பாவம் பார்க்கிற முகம் எனக்குத் தெரியும், தோட்டத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அது அந்த முகம் இல்லை. மீன்கடையில் நல்ல மீனைப் பார்த்த முகம்.

அதற்குப் பிறகுதான் பொட்டு அவர் கண்ணில் பட்டது. "இது?" என்று கேட்டார். இத்தாலிக்காரி மோவாயால் என்னைக் காட்டினாள். "அக்காவக் கேளுங்க" என்று அர்த்தம். நான் சொன்னேன், மகள் சொன்னாள். அழகான ஒன்றைப் பலர் பார்த்தால் கண் படும், அதனால் அழகில் ஒரு குறை வைத்துவிட்டால் கண் அதில் போய்விடும், பொருள் தப்பிக்கும் என்று.

அவர் யோசித்துவிட்டு, "யாரோட கண்ணு? என்னோட கண்ணுமா?" என்று கேட்டார்.

"உங்க கண்ணும்தான். விருந்தாளின்னா கண்ணு இல்லாமலா போயிரும்?"

மகள் சொல்லி முடித்ததும் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, நான் தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. தண்ணீரைக் குடித்துவிட்டு, படம் உன்னுடையது, நீ சொல், எங்கள் ஊரில் இதைச் சுத்தமாக எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், எடுக்கச் சொல்லட்டுமா என்று அவளிடம் கேட்டார்.

அவள் எழுந்து போய் அந்தப் பொட்டுக்கு எதிரில் குனிந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாய் சும்மா இருந்த நேரம் என் வாழ்நாளிலேயே கொஞ்சம்தான்.

"இருக்கட்டுமாம்மா," என்றாள் மகள். "என் படத்தப் பாத்து நல்லாருக்குன்னு சொன்னவங்க இருக்காங்க, நல்லால்லன்னு சொன்னவங்க இருக்காங்க. அதுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயந்தவங்க யாருமே இல்லேங்கிறாங்க." அதோடு இத்தாலிக்காரி என்னை நோக்கி விரலை ஆட்டி இன்னொன்றும் சொன்னாள். "ஆனா இன்னொரு தடவ கேக்காம தொட்டா கைய ஒடச்சிருவேங்கிறாங்க."

"அவளோட கையவிட என் கை கெட்டி. ஒடைக்கச் சொல்லு பாப்போம்," என்றேன்.

இனி மாற்றிக்கொள்ள வேண்டியது அவருடைய படம். நீளப் பையிலிருந்து சுருளை எடுத்து மேசையில் விரித்தார். கசக்கிக் கசக்கிப் பிரித்த கெட்டித் தாள், முழுக்க ஒரே கறுப்பு. இத்தாலிக்காரிக்குக் குறும்பு வந்துவிட்டது. உள்ளே போய் அந்தக் கண்மைக் குச்சியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, நியாயம் என்றால் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், இதற்கும் ஒரு பொட்டு வை என்றாள். அவர் பாவம், ஒரு கணம் படத்தின் மேல் கையை விரித்து மறைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, வையுங்கள் என்று குனிந்தார்.

நான் படத்தைச் சுற்றிவந்து பார்த்தேன். எங்கே வைப்பது? வைத்தால் யாருக்குத் தெரியும்?

"இதுக்குத் தேவையில்ல," என்றேன். "கறுப்ப யாரு கண்ணு வைக்கப் போறா? என்னையப் பாருங்க. எழுவத்தாறு வயசு, ஒரு கண்ணும் படல."

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் மூன்றாம் வீட்டு அம்மாள் கேட்டைத் திறந்து வாசல் வரைக்கும் வந்துவிட்டார். அப்போதுதான் பொட்டைப் பார்த்தார், அரைகுறையாகக் கேட்டார், அதைத்தான் சந்தையில் விற்றுக்கொண்டிருக்கிறார்.

சாப்பாடு ஆறிப்போயிருந்தது. ஆறின மீன் குழம்பு இன்னும் ருசி. அவர் இரண்டு முறை சோறு வாங்கிக்கொண்டார், நெத்திலி சம்பலின் காரத்தில் கண்ணீர் விட்டார். இத்தாலிக்காரி வலது கையை ஒளிக்காமல் சாப்பிட்டாள். குழம்பு கொஞ்சம் மேசையில் சிந்தியது, யாரும் துடைக்க ஓடவில்லை.

அவர் போன மறுநாள் காலையில் நான் காபி கொண்டுபோனபோது அவள் களிமண் குழைத்துக்கொண்டிருந்தாள். வாளியில் நிறைய. ஒரு படத்துக்கு அவ்வளவு வேண்டாம் என்று எனக்கே தெரியும். ஊருக்குப் போகிற வரைக்கும் மூன்று படம் முடித்தாள், ஒன்று வெடித்தது, "ஈரக் காத்து" என்று அவள் சொல்வதற்குள் நான் கேட் பக்கம் பார்த்தேன், இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

போன வாரம் அவளிடமிருந்து கைத்தொலைபேசிக்கு ஒரு போட்டோ வந்தது. புதுப் படம், இதுவரைக்கும் செய்ததிலேயே பெரியது. மடிப்பெல்லாம் மழையில் ஓடும் ஓடை மாதிரி நெளிந்து நெளிந்து போகிறது. இப்போது அவள் நேராக்க முயற்சியே செய்வதில்லையாம். இது ஜப்பானுக்குப் போகிறதாம், அங்கிருந்து ஒன்று வருமாம். போட்டோவை ஓரம் ஓரமாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாம் வெள்ளை. கண் படாமல் பார்த்துக்கொள் என்று மகளை எழுதச் சொன்னேன்.

அவ்வளவுதான் நடந்தது. கை வலிக்கிறது. பாப்பா, அந்தப் போனைக் கீழே வைத்துவிட்டு இங்கே வந்து உட்கார். இதை முதலிலிருந்து வாசி. வேகமாக வாசிக்காதே, நான் எழுதின வேகத்திலேயே வாசி. எழுத்து புரியாவிட்டால் நீயாக ஒன்றைப் போட்டு நிரப்பாதே, என்னைக் கேள்.